பியானோவில் விரல்கள் ஒரே சீராக ஓடுவதற்கு எவ்வாறு பயிற்சி செய்ய வேண்டும்?

மார்த்தாண்டத்திற்கு அருகிலிருந்து நீங்கள் எழுதியிருக்கும் கேள்வியின் சாரம் இது. ஆலயப் பாடகர் குழுவில் கீபோர்டு வாசித்துப் பழகிய நீங்கள் இப்போது லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் ஐந்தாம் கிரேடு இசைத் தேர்வுக்காகப் பியானோ கற்கிறீர்கள். மெதுவாக வாசிக்கும்போது ஒழுங்காக இருக்கும் ஸ்கேல் (சுரங்களை வரிசையாக ஏறி இறங்கி வாசிப்பது), வேகம் கூடியதும் மேடும் பள்ளமுமாகிவிடுகிறது. மோதிரவிரலும் சுண்டுவிரலும் வலுவற்றிருப்பதே காரணம் என்று கருதி, அவற்றை வலுப்படுத்த நாள்தோறும் ஒரு மணி நேரம் ஹானோன் என்பவர் எழுதிய விரல் பயிற்சிகளை வாசிக்கலாமா என்று கேட்கிறீர்கள். நாகர்கோவிலில் பியானோ கற்பித்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் விரல்களுக்கு வலு போதாது என்ற முடிவை முதலில் கைவிடுங்கள். அந்த முடிவிலிருந்து தொடங்கும் பயிற்சி எதுவானாலும் கையை இறுக்குமே தவிர, ஓசையைச் சீராக்காது.

பியானோவின் ஒரு கட்டையை ஓசை எழும்படி இறக்குவதற்குச் சுமார் 50 கிராம் எடை போதும்; கட்டை இறங்கும் ஆழமோ ஏறத்தாழ 10 மில்லிமீட்டர்தான். ஒரு குழந்தையின் சுண்டுவிரலுக்குக்கூட அந்த வலு உண்டு. கட்டை அடிமட்டத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பாகவே உள்ளே இருக்கும் சுத்தியல் அதன் பிடியிலிருந்து விடுபட்டு, பெற்ற வேகத்தோடு தானாகச் சென்று கம்பியை அடித்துத் திரும்புகிறது. 1700-ஆம் ஆண்டையொட்டி இத்தாலியில் பார்த்தோலோமியோ கிறிஸ்டோஃபோரி உருவாக்கிய பியானோவின் உயிர்நாடியே இந்த விடுபடும் அமைப்புதான். எனவே ஒரு சுரம் எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்பதைத் தீர்மானிப்பது, சுத்தியல் விடுபடும் அந்தக் கணத்தில் கட்டை எவ்வளவு வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது என்பதே. அதற்குப் பிறகு நீங்கள் எவ்வளவு அழுத்தினாலும் ஓசை மாறப்போவதில்லை. முன்னங்கை களைப்பதும் அடுத்த விரல் தாமதமாவதும் மட்டுமே அந்த அழுத்தத்தின் பலன். குலசேகரம் பக்கம் ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவரைப் பார்த்திருப்பீர்கள். தடியைத் தொடாமல் பட்டையை மட்டும் ஒரே ஆழத்தில் சீவிச் செல்லும் அவருடைய கைக்குத் தேவைப்படுவது பலமன்று, எங்கே நிறுத்த வேண்டும் என்ற உணர்வு. உங்கள் விரலுக்கும் வேண்டியது அதுவே: அடிமட்டத்தைத் தொட்டவுடன் தளர்ந்துவிடும் பழக்கம்.

மோதிரவிரல் தனித்து எழ மறுப்பது உண்மைதான். அதற்குக் காரணம் பயிற்சிக் குறைவு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கையை மேசைமேல் வைத்து, நடுவிரலை உள்ளே மடக்கிக்கொண்டு, மோதிரவிரலை மட்டும் உயர்த்திப் பாருங்கள்; ஏறத்தாழ அசையவே அசையாது. விரல்களை நிமிர்த்தும் தசைநாண்கள் புறங்கையில் குறுக்கு இழைகளால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருப்பதே இதற்குக் காரணம். எந்தப் பயிற்சியாலும் அந்தப் பிணைப்பு அவிழாது. விரல்களுக்குள் அவற்றை இயக்கும் தசை கிடையாது, பெரும்பகுதி முன்னங்கையிலும் சிறுபகுதி உள்ளங்கையிலும் இருக்கிறது என்பதையும் சேர்த்து எண்ணினால், ஒரு விரலை மட்டும் தனியே வலுப்படுத்துவது என்ற எண்ணமே எவ்வளவு பிழையானது என்பது விளங்கும். மோதிரவிரலை எவ்வளவு உயரம் தூக்க முடிகிறது என்பது நமக்குத் தேவையற்ற கேள்வி. அது கட்டையின்மேல் ஓய்வாக இருக்கும் நிலையிலிருந்து எந்த வேகத்தில் இறங்குகிறது என்பதே கேள்வி. இறங்குவதில் அதற்கு எந்தக் குறையும் இல்லை.

அப்படியானால் உங்கள் ஸ்கேல் ஏன் மேடுபள்ளமாகிறது? நீங்கள் பழகிவந்த கருவியை முதலில் கவனிக்க வேண்டும். நம் மாவட்டத்து ஆலயங்களில் வாசிக்கத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் ஆர்மோனியத்திலோ கீபோர்டிலோதான் தொடங்குகிறார்கள். ஆர்மோனியத்தில் ஓசையின் அளவைத் துருத்தியின் காற்று தீர்மானிக்கிறது. கட்டையை மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் வேறுபாடு இல்லை. கீபோர்டிலும் டச் ரெஸ்பான்ஸ் (கட்டையை அழுத்தும் வேகத்திற்கேற்ப ஓசையை மாற்றும் வசதி) அணைக்கப்பட்டிருந்தால் ஐந்து விரலும் ஒரே அளவில்தான் ஒலிக்கும். ஓசை சீராக இருப்பது கருவியின் வேலை, கை அதில் பங்கேற்கவே இல்லை. பல ஆண்டுகள் அப்படி வாசித்த கை பியானோவுக்கு வரும்போது, அதுவரை கேட்காமலிருந்த வேறுபாடுகள் அனைத்தும் ஒரேயடியாக வெளிப்படுகின்றன. இது உங்கள் கையின் குறையன்று. அந்தக் கட்டுப்பாட்டைக் கற்றுக்கொள்ள இதுவரை உங்களுக்கு வாய்ப்பே அமையவில்லை. வீட்டில் கீபோர்டு மட்டுமே இருந்தால் இன்றே டச் ரெஸ்பான்ஸை இயக்கிவிடுங்கள். எடையுள்ள கட்டைகள் கொண்ட டிஜிட்டல் பியானோவில் வாரம் சில மணி நேரமாவது வாசிக்க வழி கிடைத்தால், அந்த வாய்ப்பை விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, 'சீராக இல்லை' என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் மூன்று வெவ்வேறு குறைகள் கலந்திருக்கின்றன. சில சுரங்கள் மற்றவற்றைவிட உரக்க ஒலிக்கலாம். சில சுரங்கள் உரிய நேரத்திற்கு முந்தியோ பிந்தியோ விழலாம். சில சுரங்கள், விரல் தாமதமாக எழுவதால், அடுத்த சுரத்தின்மேல் படிந்து கிடக்கலாம். கடைசியாகச் சொன்னதைப் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை. ஆனால் வேகமான ஸ்கேல் குழைந்து ஒலிப்பதற்கு, என் அனுபவத்தில், அதுவே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. அடுத்த கட்டை இறங்கும் அதே நேரத்தில் முந்தைய கட்டை மேலே வந்து, கம்பியின் அதிர்வை அடக்கும் ஃபெல்ட் கம்பிமேல் விழ வேண்டும். ஆகவே பயிற்சியின்போது, ஓசையை நீட்டிக்கும் பெடலைத் தொடாதீர்கள். டைல்ஸ் பதித்த, திரைச்சீலையற்ற அறைகளும் உயர்ந்த கூரையுள்ள ஆலய மண்டபங்களும் ஓசையைப் பூசி மெழுகி எல்லாவற்றையும் அழகாக்கிக் காட்டும் என்பதால், துணிமணிகள் நிறைந்த சிறிய அறையே பயிற்சிக்கு நல்லது.

எந்தக் குறை உங்களுடையது என்பதை அறியக் கைபேசியில் பதிவு செய்து, அதைப் பாதி வேகத்தில் கேளுங்கள். வாசிக்கும்போது காதுக்கு எட்டாத இடைவெளிகள் அப்போது தெளிவாகத் தெரியும். டிஜிட்டல் பியானோவைக் கணினியுடன் இணைக்க முடிந்தால், ஒவ்வொரு சுரமும் எவ்வளவு வேகத்தில் அழுத்தப்பட்டது என்பதை 1 முதல் 127 வரையான எண்ணாகவே பார்க்கலாம். மாணவர்கள் தம் மோதிரவிரலைப் பற்றிக் கவலையோடு வருவார்கள். பார்த்தால் எண் மிகுந்திருப்பது பெருவிரலாகவே இருக்கும். மோதிரவிரல் மெலிந்து ஒலிப்பதாகத் தோன்றுவது, அதற்குப் பக்கத்தில் பெருவிரல் முழங்குவதால்தான்.

பெருவிரலைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் ஸ்கேலின் சீர் பெரும்பாலும் அங்கேதான் கெடுகிறது. வலக்கையில் சி மேஜர் ஸ்கேலில் (வெள்ளைக் கட்டைகளில் மட்டும் செல்லும் சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி என்ற வரிசை) ஏறும்போது மூன்றாம் விரலான நடுவிரலுக்குப் பிறகு பெருவிரல் எஃப் கட்டைக்குச் செல்ல வேண்டும். பலர் அந்தக் கடைசி நொடிவரை பெருவிரலை வெளியே வைத்திருந்துவிட்டு, பிறகு முழங்கையைத் தூக்கி அதை உள்ளே எறிகிறார்கள். கையின் முழு எடையும் எஃப்மேல் விழுந்து அது உறுமுகிறது, அதற்கு முன்னால் ஒரு சிறு தடங்கலும் விழுகிறது. சுட்டுவிரல் டி கட்டையை அழுத்தும்போதே பெருவிரல் நகரத் தொடங்கியிருக்க வேண்டும். நடுவிரல் ஈ கட்டையை வாசிக்கும்போது அது எஃப் கட்டையை நெருங்கியிருக்க வேண்டும். முன்னங்கை நிற்காமல் பக்கவாட்டில் ஒழுகிச் செல்லட்டும். முழங்கை உயர வேண்டியதில்லை. பெருவிரல் நகத்தின் ஓரமாக, பக்கவாட்டில், மிகக் குறைந்த அசைவோடு கட்டையைத் தொட்டால் போதும். வேகம் மிகும்போது பெருவிரல் உள்ளங்கைக்கு அடியில் முழுவதும் புகுவதும் குறைந்து, கை முழுவதும் ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு இலேசாக நகர்வதாக அது மாறிவிடும். இதைப் பழக நல்ல வழி ஒன்று உண்டு. சி, டி, ஈ ஆகிய மூன்றையும் ஒரே சமயத்தில் அழுத்துங்கள். உடனே கையை நகர்த்தி எஃப், ஜி, ஏ, பி ஆகிய நான்கையும் ஒரே சமயத்தில் அழுத்துங்கள். இவ்வாறு கை முழுவதும் இடம் மாறக் கற்றுக்கொண்டபின் தனித்தனிச் சுரங்களுக்கு வந்தால், பெருவிரல் தானாகவே அமைதியாகிவிடும்.

இன்னொன்று, சி மேஜரில் தொடங்காதீர்கள். பார்ப்பதற்கு எளிது என்பதால் எல்லாரும் அதைத்தான் முதலில் கற்பிக்கிறார்கள். ஆனால் எல்லாக் கட்டைகளும் ஒரே மட்டத்தில் இருக்கும் அந்த ஸ்கேல் கைக்கு மிகக் கடினமானது. போலந்து நாட்டு இசைமேதை ஷோப்பான் (1810–1849) தம் மாணவர்களுக்கு முதலில் பி மேஜரைக் கொடுத்து, சி மேஜரைக் கடைசிக்கு வைத்தார். பி மேஜரில் நீளமான நடு மூன்று விரல்களும் கருப்புக் கட்டைகளில் இயல்பாக அமர்கின்றன. குட்டையான பெருவிரலுக்கு வெள்ளைக் கட்டைகள் வாய்க்கின்றன. கடந்து செல்லவும் இடம் தாராளமாக இருக்கிறது. வலக்கைக்கு சி மேஜரில் உள்ள 1-2-3-1-2-3-4 என்ற அதே விரல் வரிசைதான் (பெருவிரல் 1, சுட்டுவிரல் 2 என்று எண்ண வேண்டும்). எல்லா விரல்களையும் சமவலு உடையவையாக்க முயல்வது இயற்கைக்கு எதிரானது என்று, முடிக்காமல் விட்ட கற்பித்தல் குறிப்புகளில் அவர் எழுதியிருக்கிறார். அந்தக் கருத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். விரல்கள் வெவ்வேறாகவே இருக்கட்டும்; காதுக்கு எட்டும் ஓசை ஒன்றாக இருந்தால் போதும், அதற்காக ஒவ்வொரு விரலின் பின்னாலும் முன்னங்கை தரும் துணையைச் சிறிது கூட்டியோ குறைத்தோ கொள்ள வேண்டியது உங்கள் காதின் பொறுப்பு.

பயிற்சியின் ஓட்டத்தைச் சொல்கிறேன். சீரான இடைவெளியில் தட்டி ஒலிக்கும் மெட்ரோனோமை நிமிடத்திற்கு 60 அடிகளில் வைத்து, ஓர் அடிக்கு ஒரு சுரம், பிறகு இரண்டு, பிறகு நான்கு என்று வாசியுங்கள். நான்கு சுரங்கள் வரும்போது ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது கால் நொடி. இதில் பதிவு செய்து கேட்டுக் குறையில்லை என்றால் மட்டும் 63, 66 என்று மெல்ல ஏறுங்கள். ஓரிடத்தில் சிக்கினால் அதே வேகத்தில் திரும்பத் திரும்ப முழு ஸ்கேலையும் வாசிப்பதில் பயனில்லை. அந்த இடத்தை மட்டும் எடுத்து, நெடில்-குறில் நெடில்-குறில் என ஒரு முறையும், குறில்-நெடில் என மறு முறையும் மாற்றி மாற்றி வாசியுங்கள். குறிலாக வரும் இடத்தில் இரண்டு சுரங்களுக்கு இடையிலான அசைவு மட்டும் முழு வேகத்தில் நடக்கிறது, அடுத்து வரும் நெடிலில் கை தளர்வதற்கு நேரம் கிடைக்கிறது. இவ்வாறு எல்லா இணைப்புகளும் தனித்தனியே வேகம் பெற்றபின் சமமாக வாசித்தால் வேறுபாடு உடனே தெரியும். மிக மெல்லிய ஓசையில் வாசிப்பதையும் விட்டுவிடாதீர்கள். உரக்க வாசிக்கையில் மறைந்துபோகும் ஏற்றத்தாழ்வு மெல்ல வாசிக்கையில் மறையாது. சில சுரங்கள் ஒலிக்காமலேயே போகும், அவைதான் நீங்கள் கவனிக்க வேண்டியவை. இடக்கைக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். இரண்டு கைகளையும் சேர்த்து மட்டுமே வாசித்தால் இடக்கையின் குறைகள் வலக்கையின் ஓசைக்குள் ஒளிந்துகொள்ளும்.

ஹானோனைப் பற்றி: 1873-இல் வெளிவந்த அந்த 60 பயிற்சிகள் தீமையானவை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் விரல்களை உயரத் தூக்கி வாசிக்கச் சொல்லும் அதன் அறிவுரையைப் பின்பற்ற வேண்டாம். உயரத்திலிருந்து விழும் விரலின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது கடினம். தூக்கி நிறுத்துவதற்கே தசை இறுகிவிடும். முதல் இருபது பயிற்சிகளும் வெள்ளைக் கட்டைகளிலேயே நகர்பவை என்பதால், அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து, வெவ்வேறு சுரத்தானங்களுக்கு மாற்றி, ஒவ்வொரு சுரத்தையும் கேட்டு வாசித்தால் பயன் உண்டு. தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் ஓட்டினால், சீரின்மையையே ஒரு மணி நேரம் மனப்பாடம் செய்ததாகும். மணிக்கட்டிலோ முன்னங்கையிலோ வலி தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும்; வலியைத் தாங்கி வாசிப்பதால் வலு வரும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஜெர்மானிய இசையமைப்பாளர் ஷூமன் இளமையிலேயே வலக்கை பாதிக்கப்பட்டு, மேடையில் பியானோ வாசிக்கும் எண்ணத்தைக் கைவிட நேர்ந்தது. விரலுக்குப் பயிற்சி தரும் கருவி ஒன்றை அவர் பயன்படுத்தியதும் தெரிந்ததே.

எல்லாச் சீரின்மையும் உங்களுடையது என்றும் எண்ணிவிடாதீர்கள். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் மாவட்டம் நம்முடையது. ஜூன், ஜூலையிலும் மீண்டும் அக்டோபர், நவம்பரிலும் மரமும் ஃபெல்ட்டும் ஈரத்தை உறிஞ்சி உப்புவதால், மரப் பியானோவின் சில கட்டைகள் மெதுவாக எழும், அல்லது இறங்கியே கிடக்கும். ஒரே சுரத்தில் எப்போதும் தடங்கல் வந்தால், அதே கட்டையை வேறு விரலால் வாசித்துப் பாருங்கள். அப்போதும் தடங்கினால் பழுது கருவியில்தான், அதைச் சரிசெய்பவரிடம் விட்டுவிடுங்கள்.

இனி, அந்த ஒரு மணி நேரத்தை எவ்வாறு செலவிடுவது? முதல் பதினைந்து நிமிடம் பி மேஜரையும் தேர்வுக்குரிய ஸ்கேல்களில் இரண்டையும் மெதுவாக, கை தனித்தனியாக வாசியுங்கள். அடுத்த பத்து நிமிடம் சிக்கும் இடங்களை மட்டும் நெடில்-குறில் முறையில் பழகுங்கள். பிறகு ஒரு முறை பதிவு செய்து கேளுங்கள். மீதி நேரம் முழுவதையும் தேர்வுக்கான இசைத்துண்டுகளுக்கே கொடுங்கள், அவற்றில் ஓடும் ஸ்கேல் பகுதிகளையும் இதே முறையில் பிரித்துப் பழகலாம். தேர்வு நெருங்கும்போது, நீங்கள் வாசிக்கப்போவது போன்ற எடையுள்ள கட்டைகளில் சில நாட்களாவது வாசித்துவிட்டுச் செல்லுங்கள்.