சத்தேயும் சதையும்

அன்புள்ள ஐயா,

போன மாதம் சிங்கப்பூரின் லாவ் பா சாட் உணவுச் சந்தையில் சத்தே (குச்சியில் கோத்துக் கரியில் சுட்ட இறைச்சி) சாப்பிட்டோம். கூட வந்த நண்பர், "சத்தேன்னா நம்ம 'சதை'தான். தமிழன் கொண்டுபோன உணவு" என்று அடித்துச் சொன்னார். உண்மையா?

எம்., திருச்சி

அன்புள்ள எம்.,

சொல்லைப் பொறுத்தவரை அப்படி ஓர் ஊகம் உண்டு. கறி மலாயில் 'காரி'யாகவும் கடை 'கெடாய்' ஆகவும் இருக்கிறது, அதனால் சதையும் போயிருக்கலாம். ஹொக்கியன் சீனச் சொல் என்பவர்களும் இருக்கிறார்கள். முடிந்த வழக்கல்ல.

சரி, சொல் நம்முடையது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் உணவு ஜாவாக்காரர்களுடையது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே தெருவில் விற்றவர்கள் வளர்த்தெடுத்தது. அரபு, இந்திய வணிகர்களின் கபாப் அவர்களுக்கு ஒரு தூண்டுதலாக இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கைப்பக்குவத்தை யாரும் கப்பலில் கொண்டுவந்து இறக்கவில்லை. அதை அவர்கள் பெயரில்தான் எழுத வேண்டும். இதில் எனக்குப் பிடிவாதமே உண்டு.

மலேசியாவின் காஜாங்கில் ஒரு சத்தேக் கடை அடுப்பருகே வெகுநேரம் நின்று பார்த்திருக்கிறேன். மஞ்சளும் கொத்தமல்லியும் சர்க்கரையும் ஊறிய சின்னச் சின்னத் துண்டுகள். கரி அனலில் சர்க்கரை ஓரம் கருகும் நொடியில் பெரியவர் குச்சியைத் திருப்புகிறார். ஒரு கையில் விசிறி. இன்னொரு கையில் நுனியை நசுக்கிய எலுமிச்சைப்புல் தண்டு, அதுதான் அவருக்குத் தூரிகை. எண்ணெயில் தோய்த்துத் தடவத் தடவப் புகையே மணக்கிறது. இப்போது மூங்கில் குச்சி. முன்பு தென்னை ஈர்க்கில்தான் கோப்பார்கள்.

சத்தே என்றாலே வேர்க்கடலைக் குழம்பு என்று நினைக்கிறோம். அந்தக் கடலையே தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. சுமத்ராவின் பாடாங்கில் கடலை கிடையாது. மாட்டு நாக்கைச் சுட்டு, அரிசிமாவு கரைத்த கெட்டியான மஞ்சள் குழம்பை மேலே ஊற்றுவார்கள். பாலியில் மீனை அரைத்துத் தேங்காய்த் துருவலோடு பிசைந்து எலுமிச்சைப்புல் தண்டிலேயே பிடித்துச் சுடுவார்கள். அதற்குச் சத்தே லிலிட் என்று பெயர். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது அதுதான்.

நீங்கள் சாப்பிட்டது பூன் டாட் தெருவில் இருக்கும். மாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு மேசை போடுகிற இடம். அதற்கு முந்திய காலத்தில், 1995 வரை, எஸ்பிளனேடில் 'சத்தே கிளப்' என்ற சத்தேக் கடை வரிசை இருந்தது.

அடுத்த முறை போனால் முதல் குச்சியைக் குழம்பில் தோய்க்காமல் தின்று பாருங்கள். எலுமிச்சைப்புல் அப்போதுதான் நாக்குக்குத் தெரியும். அப்புறம் ஒரு துண்டு கெத்துப்பாட் (ஓலைப் பொதியில் வேகவைத்த அரிசிக்கட்டி), ஒரு கடி வெள்ளரிக்காய், பிறகு குழம்பு.