பதில்: பதினேழில் குழந்தை, பதினொன்றாம் வகுப்போடு நின்ற படிப்பு

தங்கச்சி, ஓசூர் கம்பெனியில் சம்பளம் வாங்கும் உங்கள் அக்காவைப் பார்த்து "என் கதை முடிந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு இருபத்தொன்றுதான் ஆகிறது!

அமெரிக்காவில் 1992-இல் இதே ஒப்பீட்டைச் செய்து ஓர் ஆய்வு வந்தது. டீன்ஏஜில் தாயானவர்களை ஊரோடு ஒப்பிடாமல், பிந்தித் தாயான உடன்பிறந்த சகோதரிகளோடு ஒப்பிட்டார்கள். வருமான வித்தியாசம் கணிசமாகக் குறைந்தது. அதாவது பிள்ளை மேல் போடும் பழியில் பெரும்பங்கு வீட்டு வறுமைக்குச் சேர வேண்டியது. பாதிப்பே இல்லை என்று சொல்லவில்லை, படிப்பு நின்றதற்கு விலை உண்டு. ஆனால் அதைச் சரிசெய்யலாம்.

பையனை அங்கன்வாடியில் விடுங்கள், மதியச் சாப்பாடும் அங்கேயே. பென்னாகரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களான நமக்கு இலவசம். தருமபுரி அரசு ஐடிஐயில் (தொழிற்பயிற்சி நிலையம்) பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டோடு போய் விசாரியுங்கள். பெண்களுக்கு வயது வரம்பு இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. என்னைக் கேட்டால் தையல் பிரிவை விட்டுவிட்டு எலக்ட்ரீஷியன் பிரிவை எடுப்பேன். இரண்டு வருடம் முடித்து, தமிழ், ஆங்கிலத் தேர்வு மட்டும் எழுதினால் பிளஸ் டூவுக்குச் சமம்.

மாமியார் கேட்கும் இரண்டாவது பிள்ளை? படிப்பு முடியும்வரை பொறுக்கட்டும். அரசு ஆஸ்பத்திரியில் கருத்தடைக்கான காப்பர் டி இலவசம். வீட்டுக்காரரிடம் முதலில் பேசிவிடுங்கள். அப்புறம் ஐடிஐயில் சேர டிசி (பள்ளி மாற்றுச் சான்றிதழ்) கையில் இருக்கிறதா, பள்ளியிலேயே கிடக்கிறதா?