கடல்மட்டம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கடல் வருடத்துக்கு மூன்று, நாலு மில்லிமீற்றர் உயருதாம். எங்கள் டச்சுக்குடாவில் அலையே முழங்காலளவு அடிக்கிறது. இதற்குள் மில்லிமீற்றரை எப்படிப் பிடிக்கிறார்கள்?
– வாசகி, திருகோணமலை

பதில்: அலையை வெளியே நிறுத்திவிட்டுத்தான் அளக்கிறார்கள். இறங்குதுறையில் நிமிர்த்திக் கட்டிய குழாய், அதற்குள் ஒரு மிதவை. குழாயின் அடியில் துளை. துளையின் விட்டம் குழாய் விட்டத்தில் பத்திலொன்று. சில செக்கனில் வந்துபோகும் அலைக்கு அது போதாது, ஆறு மணித்தியாலமாக ஏறும் பெருக்குக்குத் தாராளம். இப்போது பல இடங்களில் மிதவைக்குப் பதில் மேலிருந்து ராடர் பார்க்கிறது. மணிக்கு ஒன்றாக மாதம் 720 அளவுகள். சராசரி எடுத்தால் வற்றும் பெருக்கும் பெரும்பாலும் கழிந்துவிடும்.

துளையில் சிப்பி ஒட்டினால் பெருக்கு பிந்தும், உயரமும் குறையும். மாரியில் மகாவலி வெள்ளம் கொட்டியாரக்குடாவில் விழும்போது இன்னொரு தொல்லை. குழாய்க்குள் 3 மீற்றருக்கு நன்னீர் தேங்கினால், அது கடல்நீரைவிடப் பாரம் குறைந்ததால், உள்மட்டம் சுமார் 7 சென்ரிமீற்றர் கூட நிற்கும். இருபது வருட உயர்வு ஒரே மழையில்!

இதிலும் பொல்லாதது துறையே புதைவது. அது 2 மில்லிமீற்றர் இறங்கினால், கடல் 2 மில்லிமீற்றர் ஏறியதாகவே பதிவாகும். அதனால் அருகே நிலையான குறிகள் ஐந்தாவது வைத்து, வருடாவருடம் இந்தக் கடல்மட்ட மானியை அவற்றோடு மட்டம் பார்க்க வேண்டும். கோணமாமலை நிற்கிற ஊரில் குறி வெட்டப் பாறைக்கா பஞ்சம்?

கேள்வி: செய்மதி வந்த பிறகும் இந்தக் குழாய் எதற்கு?
– ஆசிரியர், மூதூர்

பதில்: 1992இல் ஏவிய டோபெக்ஸ்/பொசைடன் முதல் 2020இல் போன சென்ரினல்-6 வரை, இந்தச் செய்மதிகள் 1336 கிலோமீற்றர் உயரத்திலிருந்து ராடர் துடிப்பு கடலில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கின்றன. பத்து நாளுக்கொரு முறை அதே தடம். ஆனால் நிலநடுக்கோட்டில் இரு தடங்களுக்கு இடையே 315 கிலோமீற்றர் இடைவெளி. துடிப்பை உலர்காற்று 2.3 மீற்றரும், நீராவி 40 சென்ரிமீற்றர் வரையும் பிந்தவைக்கும். நீராவியைப் பார்க்கும் கருவி கரையை நெருங்கினால் நிலத்தின் கதிர்வீச்சையும் சேர்த்து வாங்கிக் குழம்பும். உங்கள் துறைமுகம் அதற்குச் சரியாகத் தெரியாது.

செய்மதி தரும் உயரம் பூமியின் மையத்திலிருந்து; குழாய் தருவது உங்கள் நிலத்திலிருந்து. வீட்டுக்குள் தண்ணீர் வருமா என்பதற்கு இரண்டாவதே பதில். டோபெக்ஸின் முதல் ராடர் மெல்லப் பிசகியதும், உலகெங்குமுள்ள குழாய்களோடு ஒப்பிட்டதால்தான் அம்பிட்டது.

கேள்வி: பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அளக்கலாமா?
– மாணவன், கிண்ணியா

பதில்: தாராளமாக. துளையிட்ட தெளிவான பிளாஸ்ரிக் குழாயை அளவுகோலோடு தூணில் கட்டி, நாளுக்கு நாலு தடவை ஒரே நேரங்களில் வாசியுங்கள். காற்றமுக்கத்தையும் எழுதுங்கள்; 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் மட்டம் ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் ஏறும். வற்றுப்பெருக்கும் பருவ மாற்றமும் நன்றாகத் தெரியும். கடல் உயர்வுக்கு மட்டும் அவசரப்படாதீர்கள்: வற்றுப்பெருக்கை மெல்ல மாற்றும் சந்திரன் பாதையின் 18.6 வருடச் சுற்று ஒன்றாவது முடிய வேண்டும்.