சென்னையில் குடும்பத்தோடு எங்கே தங்குவது? – கேள்வி பதில்

குமரி மாவட்டத்திலிருந்து குடும்பத்தோடு சென்னைக்குச் செல்பவர்கள் தங்கும் இடம் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு, நாகர்கோவிலில் பல காலமாகப் பயண ஏற்பாடு செய்து தரும் ஒருவர் எழுதிய பதில்கள் இவை.

கேள்வி (வடசேரி): எழுபதைத் தாண்டிய அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் செல்கிறேன். நான்கு நாள் ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டும். துணியும் எடுக்க வேண்டும். எழும்பூரில் தங்கலாமா, தியாகராய நகரிலா?

பதில்: இடத்தைத் தேர்வதற்கு முன், அந்த லாட்ஜில் வாடகை நாள் எப்போது தொடங்குகிறது என்று கேளுங்கள். உங்கள் வண்டி விடியற்காலையில் எழும்பூர் போய்ச் சேரும். பகல் 12 மணிக்கு நாள் தொடங்கும் விடுதியாக இருந்தால், இரவெல்லாம் ரயிலில் புரண்டு வந்த அம்மாவை மதியம் வரை வரவேற்பறை நாற்காலியில் உட்கார வைக்க நேரும். இல்லையென்றால் அரைநாள் வாடகையைக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். ஆகவே 24 மணி நேரக் கணக்கு வைத்திருக்கும் லாட்ஜாகத் தேடுங்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. காலை 6 மணிக்கு அறை எடுத்தால் கடைசி நாளிலும் காலை 6 மணிக்கே அறையை விட வேண்டும். திரும்பும் வண்டியோ மாலையில்தான் புறப்படுகிறது. அந்தப் பகலில் பெட்டிகளை வைத்துக்கொள்வார்களா, அம்மா படுப்பதற்கு அரைநாள் அறை தருவார்களா என்பதை முன்பதிவின்போதே பேசி முடித்துவிடுங்கள்.

எழும்பூரில் தங்குவதே உங்களுக்கு நல்லது. அருங்காட்சியகம் அங்கேயே பாந்தியன் சாலையில் இருக்கிறது (வெள்ளிக்கிழமை விடுமுறை). மின்சார ரயிலில் மாம்பலத்தில் இறங்கினால் ரங்கநாதன் தெரு வாசலிலேயே இருக்கும். துணி எடுப்பதற்காக அந்த நெரிசலுக்குள் நான்கு இரவு தங்கத் தேவையில்லை. கல்யாணத்துக்கு ஜவுளி எடுப்பவர்கள் மட்டும் தியாகராய நகரில் தங்கட்டும்.

அறையைப் பார்க்கும்போது முதலில் குளியலறைக் கதவைத் திறந்து பாருங்கள். முட்டுவலி உள்ள அம்மாவுக்கு வெஸ்டர்ன் டாய்லெட் வேண்டும். குளியலறை வாசலில் அரையடி உயரத்துக்குப் படி கட்டியிருந்தால் இரவில் அது ஆபத்து. லிஃப்ட் உண்டு என்பார்கள். தெருவிலிருந்து லிஃப்ட் வரை எத்தனை படி ஏற வேண்டும் என்பதைச் சொல்ல மாட்டார்கள். வரவேற்பு மேசைக்குப் பின்னால் ‘சுடுதண்ணீர் காலை 6 முதல் 8 வரை’ என்று பலகை தொங்கினால், ஐந்து பேர் குளிக்க அது போதுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி (தக்கலை, ஆசிரியை): மகளின் கண் சிகிச்சைக்காகச் சங்கர நேத்ராலயா செல்கிறோம். எந்தப் பகுதி வசதி?

பதில்: அம்மா, அந்த மருத்துவமனை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இருக்கிறது. நுங்கம்பாக்கத்திலோ எழும்பூரிலோ தங்குங்கள். சிகிச்சைக்குப் போகிறவர்கள் ஒரே தடவையில் பல நாளுக்குப் பணம் கட்டக் கூடாது. மருத்துவர் சொல்வதைப் பொறுத்து நாள் கூடும், குறையும். ஆயிரம் விளக்கு, கிரீம்ஸ் சாலைப் பக்கம் சமையல் வசதியுள்ள வீடுகளை நாள் வாடகைக்கு விடுகிறார்கள். ஒரு வாரத்துக்கு மேல் தங்குவதானால், கஞ்சி வைத்துக் கொடுக்கவாவது ஓர் அடுப்பு இருப்பது பெரிய ஆறுதல்.

கேள்வி (குலசேகரம்): வந்தே பாரத்தில் போனால் தங்கும் இடத்தில் ஏதாவது மாற்றம் உண்டா?

பதில்: உண்டு. 2024 ஆகஸ்ட் 31 அன்று தொடங்கிய இந்த வண்டி நாகர்கோவிலில் பிற்பகல் புறப்பட்டு இரவு 11 மணியளவில் எழும்பூர் சேர்கிறது. அங்கிருந்து திரும்புவது விடியற்காலை 5 மணிக்கு. முதல் இரவும் கடைசி இரவும் எழும்பூரில் நடந்து போகும் தூரத்தில் இருங்கள். இரவு 11 மணிக்கு மேல்தான் வருவோம் என்று லாட்ஜுக்கு முன்பே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். பகல் 12 மணிக் கணக்கா, 24 மணி நேரக் கணக்கா என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.

கேள்வி (மார்த்தாண்டம்): அண்ணாச்சி, எல்லோரையும் எழும்பூருக்கே அனுப்புகிறீர்கள். தாம்பரத்தில் இதைவிடக் குறைந்த வாடகைக்கு நல்ல அறை கிடைக்கிறது. மின்சார ரயிலும் இருக்கிறது. நடுத்தரக் குடும்பத்துக்கு ஏன் வீண் செலவு?

பதில்: தம்பி, நாள் வாடகையை மட்டும் பார்க்காதீர்கள். பிள்ளைகளும் பெரியவர்களும் உள்ள குடும்பம் ஒரே நாளில் இரண்டு முறை வெளியே போகும். காலையில் ஓரிடம் பார்த்துவிட்டு, வெயில் ஏறியதும் அறைக்கு வந்து சாப்பிட்டுப் படுத்து, மாலையில் மெரினாவுக்குப் புறப்படுவார்கள். தாம்பரத்தில் தங்கினால் அந்த மதிய ஓய்வு போய்விடும். முக்கால் மணி நேர ரயில் பயணத்துக்குப் பயந்து, பெரியவர்கள் வெயிலிலேயே திரிவார்கள். மாலையில் அலுவலகம் விட்டு வருகிற கூட்டத்தோடு, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்ப வேண்டும்.

கேள்வி (குளச்சல்): நாங்கள் குரோம்பேட்டையில் தங்கினோம்; ஒரு சிரமமும் இல்லை. எழும்பூர் லாட்ஜ்காரர்களுக்காகப் பேசுகிறீர்களோ என்று தோன்றுகிறது.

பதில்: எந்த லாட்ஜிலும் நான் கமிஷன் வாங்குவதில்லை, அதனால்தான் இங்கே ஒரு லாட்ஜின் பெயரையும் எழுதவில்லை. உங்கள் கடிதத்தில், கல்லூரியில் படிக்கும் இரண்டு மகன்களோடு போனதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்குக் குரோம்பேட்டை சரிதான். வடசேரி வாசகரின் அம்மாவுக்குச் சரியாக இருக்காது.

கேள்வி (களியக்காவிளை): தாம்பரம் வழியாக இப்போது ஏசி மின்சார ரயிலும் ஓடுகிறதே. பேருந்தில் போகிறவர்களுக்கும் அந்தப் பக்கம்தானே வசதி?

பதில்: ஏசி மின்சார ரயில் 2025 ஏப்ரலிலிருந்து கடற்கரைக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே ஓடுகிறது. ஆனால் சாதாரண வண்டிகளைப் போல அடிக்கடி வராது. அதை நம்பி ஒரு நாளைத் திட்டமிட முடியாது. பேருந்து பற்றி நீங்கள் சொல்வது நியாயம். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, நம் பக்கத்துப் பேருந்துகள் கோயம்பேட்டுக்குப் போவதில்லை. கிளாம்பாக்கம் வண்டலூரை ஒட்டி இருக்கிறது. பேருந்தில் வந்து, வண்டலூர் உயிரியல் பூங்காவையும் மாமல்லபுரத்தையும் முக்கியமாகப் பார்க்க நினைப்பவர்கள் தாம்பரத்தில் தங்குவதே சரி. அவர்கள் எழும்பூருக்குப் போய்த் திரும்பினால் பாதி நாள் சாலையிலேயே கழியும். பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதையும் நினைவில் வையுங்கள். எழும்பூர் நிலையப் புதுப்பிப்புப் பணிக்காகச் சில ரயில்களைத் தாம்பரத்தோடு நிறுத்துவதுண்டு. உங்கள் வண்டி எதுவரை போகிறது என்பதைப் பார்த்த பிறகே அறை பதிவு செய்யுங்கள்.

மார்த்தாண்டம் தம்பிக்கு இன்னொன்று. ஐந்து பேர் காலையும் மாலையும் நிலையத்துக்குப் போய்வர ஆகும் ஆட்டோக் கட்டணத்தையும், அசதியில் ரயிலை விட்டுவிட்டு வாடகைக் காரில் திரும்பும் செலவையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். தாம்பரத்தில் மிச்சப்படுத்திய தொகை எவ்வளவு மீதமாகும் என்பது தெரிந்துவிடும்.

கேள்வி (இரணியல்): காலை 6 மணிக்குப் போனால் அறை கொடுப்பார்களா?

பதில்: வடசேரி வாசகருக்கு எழுதியதைப் படியுங்கள்.

கேள்வி (அஞ்சுகிராமம்): இணையத்தில் கிடைத்த எண்ணில் பேசினேன். முழு வாடகையையும் ஜிபேயில் அனுப்பினால் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார்கள். அனுப்பலாமா?

பதில்: அனுப்பவே அனுப்பாதீர்கள். விடுதியின் பெயரில் பொய்யான எண்ணைப் பதிந்து வைத்து முன்பணம் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த விடுதியின் எண்ணை வேறு இரண்டு இடங்களில் ஒத்துப் பார்த்து, நீங்களே அழைத்துப் பேசுங்கள். ஒரு நாள் வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வேண்டாம். மீதியை அறையைப் பார்த்த பிறகு கொடுங்கள்.

கேள்வி (திங்கள்சந்தை): நாள் வாடகை 2,000 ரூபாய், அதற்கு மேல் 12 சதவீதம் ஜிஎஸ்டி என்கிறார்கள். சரியா?

பதில்: இல்லை. 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். பில்லில் எழுதிக் கேளுங்கள்.

கேள்வி (குழித்துறை): அப்பாவைத் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறோம். தம்பானூரில் தங்கலாமா?

பதில்: ஆர்.சி.சி. மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. அந்த வளாகத்தை ஒட்டியோ, பக்கத்தில் ‘உள்ளூர்’ என்ற பெயருடைய பகுதியிலோ அறை பாருங்கள். ரயிலடி பக்கம் என்பதற்காகத் தம்பானூரில் எடுத்தால், நோயாளியைத் தினமும் நகரப் போக்குவரத்து நெரிசலில் அலைக்கழிக்க நேரும். ஒரு நாள் பரிசோதனை மட்டும் என்றால் குழித்துறையிலிருந்து போய் வரலாம்.

கேள்வி (ஆரல்வாய்மொழி): மும்பையில் எங்கே தங்கலாம்?

பதில்: மும்பை என் துறை அல்ல. அங்கே வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்களிடம் கேளுங்கள்.

கேள்வி (கருங்கல்): தாம்பரமா, எழும்பூரா?

பதில்: யாரோடு போகிறீர்கள், எதில் போகிறீர்கள், எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதை எழுதாமல் கேட்டால் பதில் சொல்ல முடியாது, ஐயா. மேலே இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறேன்.

கேள்வி (சுசீந்திரம்): காலையில் போய் ஒரு திருமணத்தைப் பார்த்துவிட்டு அன்று மாலையே திரும்புகிறோம். மூன்று பேர் குளித்து உடை மாற்ற வேண்டும். லாட்ஜ் எடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். எழும்பூர் நிலையத்தின் ஓய்வறையை ஐஆர்சிடிசி தளத்தில் உங்கள் டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்யலாம். டிக்கெட் உறுதியாகியிருக்க வேண்டும், அல்லது ஆர்ஏசியில் இருக்க வேண்டும். அறைகள் குறைவு, முகூர்த்த நாளென்றால் ரயில் டிக்கெட் எடுத்த கையோடு அதையும் பதிவு செய்துவிடுங்கள்.