வெயிட்ட ஏத்தணுமா, ரெப்ஸ கூட்டணுமா? பட்டறைத் தம்பிக்கு என் பதில்

ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில வேலை பாக்குற ஒரு தம்பி எழுதியிருக்காரு, வயசு 28, எடை 66 கிலோ. "அண்ணே, எட்டு மாசமா காரைக்குடியில ஜிம்முக்குப் போறேன். ஒரு மாஸ்டர் வெயிட்ட ஏத்து, 5 ரெப்ஸ், அதாவது நிறுத்தாம 5 தடவை தூக்குனா போதும்ங்குறாரு. இன்னொருத்தர் வெயிட்ட குறைச்சு 25 அடி, அப்பத்தான் கட்ஸ், அதாவது சதை பிரிஞ்சு தெரியுற கோடு விழும்ங்குறாரு, கூடவே 4,500 ரூபாய்க்கு ஒரு பவுடர் டப்பாவும் வாங்கச் சொல்றாரு. யார் சொல்றது சரி? நாள் பூரா டைல்ஸ் தூக்குறேனே, அப்பவும் ஏன் கை ஏறல?"

தம்பி, உங்க கடைசிக் கேள்விக்குள்ளயே பதில் இருக்கு. காலையிலேருந்து குனிஞ்சு எடுத்து தண்ணித் தொட்டியில வைக்கிறீங்க, அப்புறம் வெயில்ல அடுக்குறீங்க, அத்தனையும் ரெப்ஸ்தான். ஆனா "இனி இன்னொண்ணு தூக்க முடியாது"ன்னு ஒரு தடவையாச்சும் கை நின்னுருக்கா? நின்னா டைல் உடைஞ்சிரும், அதனால நீங்க அந்த அளவுக்குப் போறதே இல்ல. ஜிம்லயும் 25 எண்ணுறீங்க, முதல் ரெப் போன அதே வேகத்துல கடைசி ரெப்பும் போகுது, அப்ப சதைக்கு வளர வேண்டிய அவசியமே வரல.

கம்பி தானா மெதுவாகும் பாருங்க, பல்லைக் கடிப்பீங்க, முழங்கை லேசா நடுங்கும், இன்னும் ரெண்டு போட்டா நின்னுரும்னு தெரியும், அந்த இடத்துக்குக் கிட்ட போனா போதும், 8ல போனாலும் சரி 22ல போனாலும் சரி. இதை நான் சும்மா சொல்லல. 2016ல கனடாவுல மெக்மாஸ்டர் யுனிவர்சிட்டியில ஏற்கெனவே ஜிம் போய்க்கிட்டிருந்த 49 ஆம்பளைங்கள 12 வாரம் வச்சுப் பாத்தாங்க, பாதிப் பேர் குறைஞ்ச வெயிட்ல 20-25, மீதிப் பேர் கூடுன வெயிட்ல 8-12, ரெண்டு கூட்டமும் கை நிக்கிற வரைக்கும். சதை வளந்தது கிட்டத்தட்ட ஒண்ணுதான், பெஞ்ச் பிரஸ்ல, அதாவது படுத்துக்கிட்டு கம்பிய மேல தள்ளுறதுல மட்டும் கூடுன வெயிட் அடிச்சவங்களுக்கு பலம் கொஞ்சம் அதிகம். பலம்தான் வேணும்னா கனத்துலதான் பழகணும், இளவட்டக்கல் தூக்கணும்னு ஆசைப்படுறவன் செங்கல்ல தூக்கிப் பழகி பிரயோஜனம் இல்ல.

25 அடிச்சா கட்ஸ் விழும்ங்குறது பொய். சதை மேல இருக்குற கொழுப்பு குறைஞ்சாதான் கட்ஸ் தெரியும், அது சாப்பாட்டுலதான் குறையும், வயித்துக்கு மட்டும் ஆயிரம் அடிச்சாலும் வயித்துக் கொழுப்பு தனியா கரையாது.

அந்த டப்பா விஷயத்துக்கு வர்றேன், எனக்கு வயிறு எரியுறது இதுலதான். பில் இருக்கா? உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட எஃப்எஸ்எஸ்ஏஐ லைசென்ஸ் நம்பர் 14 இலக்கம் டப்பாவுல இருக்கா? ரெண்டும் இல்லேன்னா தொடாதீங்க. உங்க எடைக்கு ஒரு நாளைக்கு நூறு கிராம் கிட்ட புரோட்டீன் போதும், முட்டை, கோழி, மீன், கொண்டைக்கடலை, தயிர்னு நம்ம வீட்டுச் சாப்பாட்டுலயே தேத்திரலாம். டப்பாவுக்கு அடுத்து சதை ஏத்துற ஸ்டீராய்டு ஊசின்னு பேச்சு வந்தா அந்த ஜிம்மையே விட்டுருங்க, என் கிளினிக்குக்கு அப்படி ஊசி போட்டுட்டு நெஞ்செல்லாம் பரு, குழந்தை இல்லேன்னு அழுதுக்கிட்டு வந்த பையனுங்கள பாத்திருக்கேன். மெடிக்கல் ஷாப் வைக்கணும்னா பார்மசி படிச்ச ஆள் வேணும், ஆனா அடுத்தவன் முதுகெலும்பு மேல நூறு கிலோவ ஏத்தி விடுறவன் என்ன படிச்சான்னு கேக்க இந்த நாட்டுல ஒரு ஆபீஸ் இல்ல, எத்தனை வருஷமா சொல்றோம், யார் காதுலயும் ஏறல.

பிபி விஷயம் மட்டும் கொஞ்சம் நீட்டி சொல்லணும். பிபி இருக்குறவங்க "எனக்கு வெயிட் ஆகாது, லேசா வச்சு நிறைய அடிக்கிறேன்"ம்பாங்க. தப்பு. மூச்ச அடக்கி கனமா தள்ளுறப்ப பிபி ஏறும், உண்மை, 1985லயே லெக் பிரஸ், அதாவது காலால வெயிட்ட தள்ளுறது பண்ணுறப்ப ரத்தக் குழாய்க்குள்ளயே அளந்து பாத்தாங்க, சராசரியா 320/250 போச்சு, ஒருத்தருக்கு 480/350ம் தாண்டிருச்சு, அவங்க எல்லாம் நல்லா இருந்த பாடி பில்டருங்க. ஆனா லேசான வெயிட்ட கை நிக்கிற வரைக்கும் அடிச்சாலும் ஒவ்வொரு ரெப்புக்கும் ஏறிக்கிட்டேதான் போகும், கடைசி ரெப்லதான் உச்சம். அதனால பிபிகாரங்களுக்கு நடு வெயிட், 10-12, இன்னும் நாலஞ்சு போட முடியும்ங்குறப்பவே வச்சிரணும், தூக்குறப்ப மூச்ச வெளிய விடணும், அதுவும் டாக்டர் பாத்து மாத்திரையில பிபி அடங்குன பிறகுதான்.

உங்களுக்கு நான் சொல்றது: பெஞ்ச், ரோயிங், ஸ்குவாட் மாதிரி பெரிய பயிற்சியெல்லாம் 6-10 ரெப்ஸ், நடுவுல ரெண்டு மூணு நிமிஷம் உக்காருங்க. தோள், கை மாதிரி சின்னதெல்லாம் 12-20. ஒவ்வொரு பாகமும் வாரம் ரெண்டு தடவை. போன வாரத்த விட ஒரு ரெப்பாச்சும் ஒரு கிலோவாச்சும் கூடியிருக்கான்னு நோட்டுல எழுதுங்க. நாள் பூரா குனிஞ்ச முதுகோட சாயங்காலம் டெட்லிஃப்ட், அதாவது தரையிலேருந்து கம்பிய தூக்குறது வேணாம், அத பட்டறை லீவு அன்னைக்கு வச்சுக்குங்க. உங்க பிபி எவ்வளவுன்னு எழுதவே இல்லையே, நாளைக்கே பாத்துட்டு அனுப்புங்க, அதுவரைக்கும் லெக் பிரஸ் பக்கம் போக வேணாம்.