தூக்கத்துல அடி, உதை, கத்தல்: இந்த முறை வந்த கேள்விகள்

போன முறை தூக்கத்துல பேசறத பத்தி ரெண்டு வரி எழுதினேன், அதுக்கு வந்த கடிதத்துல முக்கால்வாசி பேச்சே இல்ல, அடிதடி. முடிஞ்ச வரைக்கும் பதில் சொல்றேன். வயசு, ராத்திரி எத்தன மணிக்கு நடக்குது, இப்ப என்ன மாத்திரை ஓடுது, இந்த மூணும் இல்லாம எழுதினவங்கள பாதி பேர ஒதுக்கிட்டேன், கோவிச்சுக்காதீங்க.

தூக்கத்தில் கை கால் உதறுது. நல்ல மாத்திரை பேர் சொல்லவும்.

இது கடிதமா, மெடிக்கல் ஷாப் சீட்டா? தூங்க ஆரம்பிக்கறப்ப வர்ற சாதாரண துள்ளல்லேருந்து வலிப்பு வரைக்கும் இதுக்கு ஏகப்பட்ட காரணம் இருக்கு. சொல்ல மாட்டேன். பக்கத்துல படுக்கறவங்கள விட்டு போன்ல ஒரு வீடியோ எடுத்துட்டு டாக்டர்கிட்ட போங்க.

என் பொண்ணுக்கு 6 வயசு. தூங்கி ஒரு மணி நேரத்துல எழுந்து உக்காந்து அலர்றா, கண்ணு திறந்திருக்கு, எங்கள அடையாளமே தெரியல. காலைல கேட்டா ஒண்ணும் ஞாபகம் இல்லங்கறா. அப்பாவுக்கு ஆர்பிடி (கனவுல பண்றத தூக்கத்துலயே கை காலால பண்ற நோய்) இருக்கு, இவளுக்கும் அதானா?

இல்ல. இது நைட் டெரர். ஆழ்ந்த தூக்கத்துலேருந்து வர்றது, அதான் ராத்திரி முதல் பங்குலயே வருது, கண்ணு திறந்திருக்கு, ஞாபகமும் இல்ல. ஆர்பிடி ரெம் தூக்கத்துல, அதாவது கனவு ஜாஸ்தி ஓடற தூக்கத்துல வர்றது, ரெம் விடியக்காலை பக்கம்தான் நீளமா ஓடும், அதனால 3 மணி 4 மணிக்குதான் ரகளை ஜாஸ்தி, கண்ணு மூடியே இருக்கும், எழுப்பினா டக்குனு தெளிஞ்சு கனவ கதையா சொல்லுவாங்க. குழந்தைய உலுக்கி எழுப்பாதீங்க, விழாம பாத்துக்கங்க, நேரத்துக்கு தூங்க வைங்க. பெரும்பாலும் வளர வளர போயிடும்.

என் வீட்டுக்காரருக்கு 63. ரிட்டயர்டு வாத்தியார், பகல்ல குரல் உயர்த்தி பேசமாட்டார். ரெண்டு வருஷமா விடியக்காலைல கெட்ட வார்த்தை, குத்து, உதை. போன மாசம் என் மூக்குல அடிபட்டு ரத்தம். எழுப்பினா "நாய் துரத்துச்சு, உன்ன கடிக்க வந்துச்சு"ங்கறார். என் நாத்தனார் சொல்றா, மனசுல அமுக்கி வச்ச கோபம்தான் இப்படி வெளிய வருதுன்னு. அப்படியாங்க டாக்டர்?

உங்க நாத்தனார கொஞ்ச நாள் வீட்டுப்பக்கம் வரவேண்டாம்னு சொல்லுங்க. இந்த "மனசுல இருக்கறதுதான் வெளிய வருது"ங்கற டயலாக கேட்டு கேட்டு எனக்கு காது புளிச்சு போச்சு. படிச்சவங்க படிக்காதவங்க வித்தியாசமே இல்ல. ஒரு தம்பதி, 40 வருஷ கல்யாணம், பிள்ளைங்களே அம்மாகிட்ட "அப்பாவுக்கு உன்மேல ஏதோ இருக்கு"ன்னு சொல்லி சொல்லி, என்கிட்ட வர்றப்ப ஒரு வருஷமா பேச்சுவார்த்தை இல்ல. அந்த பெரியவர் கனவுல அடிச்சது என்னவோ வீட்டுக்குள்ள புகுந்த திருடன.

நீங்க சொல்றது ஆர்பிடி மாதிரி இருக்கு, அதுல நடக்கறது இவ்ளோதான். ரெம் தூக்கத்துல மூளை எஞ்சின் மாதிரி உறுமிக்கிட்டு இருக்கும், ஆனா கியர் நியூட்ரல்ல கிடக்கும். மூளைத்தண்டுல ஒரு சின்ன இடம் கை கால் தசையெல்லாம் தளர்த்தி போட்டுடும், கண்ணும் மூச்சும்தான் ஓடும். அந்த இடம் கெட்டா நியூட்ரல் விழாது, கனவுல ஓடினா கட்டில்ல ஓடுவாங்க. 1965லயே பிரான்ஸ்ல மிஷேல் ஷூவேன்னு ஒரு விஞ்ஞானி பூனைங்களுக்கு அந்த இடத்த சேதப்படுத்தி பாத்தார், தூங்கற பூனை எழுந்து இல்லாத எலி மேல பாய்ஞ்சுச்சு. அந்த பூனைக்கு யார் மேலங்க கோபம்? மனுஷங்ககிட்ட இது ஒரு தனி நோய்னு 1986ல அமெரிக்காவுல மின்னியாபொலிஸ்ல ஷெங்க், மஹோவால்டு குழு எழுதினாங்க. 2005ல இந்த நோய் இருக்கறவங்களோட கனவையும் பகல் குணத்தையும் தனித்தனியா அளந்து பாத்திருக்காங்க, கனவுல வன்முறை ஜாஸ்தி, பகல்ல மத்தவங்கள விட கோபக்காரங்க இல்ல. கனவுலயும் பாதிக்கு மேல இவங்க தாக்கறவங்க கிடையாது, யாரோ எதுவோ தாக்க வருது, இவங்க தடுக்கறாங்க. உங்க வீட்டுக்காரர் உங்கள நாய்கிட்டேருந்து காப்பாத்திருக்கார், மூக்கு குறுக்க வந்துடுச்சு.

கோபம் இல்லங்கறதால சும்மா விடவும் கூடாது. நியூராலஜி டாக்டர பாருங்க, வீடியோவோட ஸ்லீப் ஸ்டடி (ராத்திரி தூங்கறப்ப பதிவு பண்ற சோதனை) சொல்லுவாங்க, தாடை தசை ரெம்ல தளருதா இல்லையான்னு அதுல தெரிஞ்சுடும். அவர தனியா அனுப்பாதீங்க. தனியா வர்ற ஆம்பளைங்க எல்லாரும் "நான் நல்லா தூங்கறேன் சார்"னுதான் சொல்றாங்க, உண்மைதான், அவங்க நல்லாதான் தூங்கறாங்க. சாட்சி நீங்கதான், கூட போங்க, வீடியோ எடுத்துட்டு போங்க.

நெட்ல பாத்தேன், ஆர்பிடி வந்தா பார்க்கின்சன் வரும்னு போட்டிருக்கு. அப்பாவுக்கு 66, ஸ்லீப் ஸ்டடில உறுதியாயிடுச்சு. அவர்கிட்ட சொல்லணுமா?

நெட்ல போட்டது பொய் இல்ல, அரைகுறை. வேற காரணம் இல்லாம, 50 தாண்டி வர்ற ஆர்பிடில நிறைய பேருக்கு பின்னாடி பார்க்கின்சனோ லூயி பாடி மறதி நோயோ வருது. 2019ல 24 சென்டர் சேந்து கிட்டத்தட்ட 1,300 பேர கவனிச்சதுல வருஷத்துக்கு நூத்துக்கு 6 பேர், 12 வருஷம் முடியறப்ப 70 சொச்சம். காரணம், அந்த நோய்ங்கள்ல படியற அதே ஆல்ஃபா சைனூக்ளீன் புரதம் மூளைத்தண்டுல முதல்ல படிஞ்சு அப்பறம் மேல போகுது. ஆனா சிலருக்கு 15 வருஷம் கழிச்சு கூட வர்றதில்ல, இவருக்கு எப்பன்னு யாராலயும் சொல்ல முடியாது. வராம தடுக்கற மருந்து இன்னும் இல்ல. சொல்லலாமான்னா, முதல்ல அவருக்கு தெரிஞ்சுக்க விருப்பமான்னு கேளுங்க, சிலர் கேப்பாங்க, சிலர் வேண்டாம்பாங்க, ரெண்டும் நியாயம்தான். டாக்டர் வாயால வரட்டும், நீங்க ராத்திரி 11 மணிக்கு போன பாத்து படிச்சு காட்டாதீங்க. வாசனை தெரியுதா, மலச்சிக்கல் இருக்கா, எழுந்து நின்னா கிறுகிறுங்குதா, இதெல்லாம் கவனிச்சு வருஷா வருஷம் காட்டுங்க. தினம் நடக்க வைங்க.

பக்கத்து வீட்டு மாமாவுக்கு தூக்கத்துல அடிக்கறது குளோனாசெபாம்ங்கற தூக்க மாத்திரை குடுத்து நின்னுடுச்சாம். என் கணவருக்கும் அதே மாதிரிதான், அரை மாத்திரை குடுக்கலாமா? அவருக்கு 58, எடை 98, குறட்டை தெரு வரைக்கும் கேக்கும்.

கூடவே கூடாது. குறட்டைய கடைசி வரில எழுதிருக்கீங்க, அதத்தான் முதல்ல எழுதிருக்கணும். தீவிரமான ஸ்லீப் ஆப்னியாவுல மூச்சு நின்னு முழிக்கறப்ப இதே மாதிரி அடிப்பாங்க, கத்துவாங்க, கனவும் வரும், பாக்க அப்படியே ஆர்பிடிதான். மூக்கு வழியா காத்த அழுத்தி மூச்சுப்பாதைய திறந்து வைக்கற சிபாப் மெஷின் போட்டா குறட்டை, அடி ரெண்டும் நின்னுடும். அந்த ஆள்கிட்ட குளோனாசெபாம் போச்சுன்னா மூச்சு இன்னும் மோசமாகும். ஸ்லீப் ஸ்டடி இல்லாம இதுல மருந்து இல்ல, எத்தன தடவ எழுதறது. நிஜ ஆர்பிடியா இருந்தா கூட வயசானவங்களுக்கு நான் மெலடோனின்ங்கற தூக்க ஹார்மோன் மாத்திரைலதான் ஆரம்பிப்பேன், 3 மில்லிகிராம்லேருந்து மெதுவா ஏத்தறது, குளோனாசெபாம்ல பாத்ரூம் போறப்ப தடுமாறி இடுப்பு எலும்பு உடைஞ்சவங்கள பாத்திருக்கேன்.

எனக்கு 34. மன அழுத்தத்துக்கு எசிட்டலோபிராம் ஆரம்பிச்சு ரெண்டு மாசம், தூக்கத்துல உதைக்கறேன்னு மனைவி சொல்றா. மாத்திரைய நிறுத்திட்டேன்.

நிறுத்தினது தப்பு. அந்த வகை மாத்திரைங்க பலதும் இத தூண்டிவிடும், வென்லாஃபாக்சின், மிர்ட்டாசபின் எல்லாம் சேத்தி, நீங்க சந்தேகப்பட்டது சரிதான். ஆனா திடீர்னு விட்டா தலைசுத்தல், பதட்டம், பழைய நோய் திரும்பறது எல்லாம் இருக்கு. எழுதி குடுத்த டாக்டர நாளைக்கே பாருங்க, அவர் மாத்தி குடுப்பார்.

அமுக்குவான் பேயும் இதுவும் ஒண்ணா?

நேர் எதிர். அங்க முழிப்பு வந்தும் நியூட்ரல் எடுக்கல, இங்க தூக்கத்துல நியூட்ரலே விழல. பேய் ரெண்டுலயும் கிடையாது.

தம்பி குடிய நிறுத்தி 3 நாள். ராத்திரி எல்லாம் கத்தறான், கை நடுங்குது, சுவத்துல பூச்சி ஓடுதுங்கறான். கனவா?

கனவு இல்ல. இத படிச்ச நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க. நடுக்கத்தோட முழிச்சிருக்கறப்பவே பூச்சி தெரியுதுன்னா உயிருக்கு ஆபத்து. கடிதம் போட்டு கேக்கற விஷயமே இல்ல இது.

மாமனார் ரெண்டு தடவ கட்டில்லேருந்து பாஞ்சு விழுந்துட்டார். ராத்திரி கட்டில்ல துண்டால கட்டி வைக்கலாமாங்க?

நீங்க முதல் ஆள் இல்ல. ஷெங்க் பாத்த நோயாளிங்களே சிலர் கயிறு, பெல்ட்ட வச்சு தங்கள கட்டிலோட கட்டிக்கிட்டுதான் தூங்கிருக்காங்க. வேண்டாம், கழுத்துல சுத்திக்கும், பாதி ராத்திரி ஒண்ணுக்கு எழுந்தா அதுலயே விழுவார். கட்டில எடுத்துட்டு மெத்தைய தரைல போடுங்க, சுத்தி ரெண்டு பக்கமும் பழைய மெத்தையோ தலகாணியோ. பீரோ முனை, ஜன்னல் கண்ணாடி பக்கம் தலை வேண்டாம். டேபிள் ஃபேன், தலமாட்டு சொம்பு, கைத்தடி எல்லாம் அடுத்த ரூமுக்கு. அத்தை கொஞ்ச நாள் தனியா படுக்கட்டும், அதுக்கு யாரும் ஒண்ணும் பேசவேண்டாம். கத்த ஆரம்பிச்சா தொட்டு உலுக்காதீங்க, கனவுல வர்ற ஆள் நீங்கதான்னு நினைச்சு ஒரு குத்து விழும், நாலடி தள்ளி நின்னு பேர் சொல்லி கூப்பிடுங்க. மருமகளா இருந்து பேர் சொல்ல கூச்சமா இருந்தா லைட்ட போட்டு "மாமா"ன்னு சத்தமா கூப்பிட்டாலே போதும், முழிச்சுடுவார்.