மலர்ச்சாலையில் வேலை செய்கிறேன், கேட்க நினைத்ததைக் கேளுங்கள்

கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தின் ஸ்காபரோவில் ஒரு மலர்ச்சாலையில், அதாவது இறுதிச் சடங்கு ஏற்பாடுகள் செய்யும் இடத்தில், லைசென்ஸ் உள்ள ஃபியூனரல் டைரக்டராக இருக்கிறேன். மரண அறிவித்தலில் "பூதவுடல் பார்வைக்கு வைக்கப்படும்" என்று போடுகிறோமே, அதற்கு முன்னால் கதவுக்குப் பின்னே நடக்கிற வேலை என்னுடையது. வந்த கேள்விகளுக்கு முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

அக்கா, எம்பாமிங் (உடல் கெடாமல் இருக்க மருந்து ஏற்றுவது) சட்டப்படி கட்டாயமா? அப்பாவின் செத்தவீட்டில் அப்படித்தான் சொன்னார்கள்.

இல்லை. ஒன்ராறியோவில் அப்படி ஒரு சட்டம் கிடையாது, குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் நாங்கள் செய்யவும் கூடாது. நாளைக்கே தகனம் என்றால் குளிரறையில் வைத்து, கழுவி, உடுத்திக் காட்டினாலே போதும். லண்டனிலிருந்து மகன் வரும்வரை நாலைந்து நாள் வைத்திருக்க வேண்டும், பெட்டியும் திறந்திருக்க வேண்டும் என்றால் செய்துவிடுங்கள், பிறகு முகத்தைப் பார்த்து வருந்த வேண்டாம். உடலை ஊருக்கு அனுப்புகிறவர்களிடம் எம்பாமிங் சான்றிதழ் கேட்பார்கள், அது வேறு கதை. யாராவது "சட்டம்" என்றால் எந்தச் சட்டம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

உண்மையில் என்னதான் செய்வீர்கள்? மறைக்காமல் சொல்லுங்கள்.

சரி, மனம் தாங்காதவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள். முதலில் கிருமிநாசினி போட்டுக் கழுவுவோம், விறைத்திருந்தால் கை கால் மூட்டுகளை மெல்ல மடக்கி நீட்டித் தளர்த்துவோம். கண் இமைக்கு அடியில் சொரசொரப்பான சின்னப் பிளாஸ்டிக் மூடி வைத்தால் இமை திறக்காது. தாடையை உள்பக்கமாகத் தைத்து வாயை மூடுவோம். நான் அதிக நேரம் செலவழிப்பது இந்த வாயில்தான், ஏனென்றால் உதடு கொஞ்சம் இறுகினாலும் வேறு யாரோ மாதிரி ஆகிவிடும், மருந்து ஏறி உறுதியான பிறகு மாற்றுவதும் கஷ்டம். அப்புறம் காறை எலும்புக்கு மேலே சிறிதாக வெட்டி, கழுத்துத் தமனியில் குழாய் வைத்து மெஷினால் மருந்தைச் செலுத்துவோம், பக்கத்துச் சிரை வழியாக இரத்தம் வெளியேறும். மருந்தில் ஃபோர்மல்டிஹைட்டும் மெதனோலும் நிறச்சாயமும் இருக்கும். விரல் நகத்தில் இளஞ்சிவப்பு தெரிந்தால் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம், இரத்தக்கட்டி அடைத்திருந்தால் அந்தக் கைக்கோ காலுக்கோ தனியாக ஏற்ற வேண்டும். கடைசியில் வயிறு, நெஞ்சுக்குள் இருக்கும் திரவத்தை உறிஞ்சி எடுப்போம். சிக்கல் இல்லாவிட்டால் இரண்டு மூன்று மணித்தியாலம், பிரேத பரிசோதனை நடந்த உடல் என்றால் அதைவிட அதிகம்.

அம்மாவுக்குக் காமாலை இருந்தது. பார்வையின்போது முகம் பச்சையாகத் தெரிந்தது, ஏன்?

காமாலையில் தோலை மஞ்சளாக்குவது பிலிருபின். ஃபோர்மல்டிஹைட் அதைப் பிலிவெர்டின் ஆக்கிவிடும், அதன் நிறம் பச்சை. இதற்கென்று ஃபோர்மல்டிஹைட் குறைந்த மருந்து இருக்கிறது, வேலையைத் தொடங்கும் முன்பே தெரிந்தால்தான் அதை எடுக்க முடியும். அதனால் என்ன நோய் இருந்தது என்று கேட்டால் சொல்லிவிடுங்கள்.

எங்கள் ஆட்களைப் பெட்டியில் பார்த்தால் சாம்பல் பூசின மாதிரி இருக்கிறதே?

இதில் எனக்கும் கோபம்தான். வெள்ளைத் தோலை மனதில் வைத்துச் செய்த பூச்சை எடுத்து, கொஞ்சம் கறுப்புக் கலந்து அடித்தால் சாம்பல்தான் வரும். எங்கள் தோலுக்கு அடியில் சிவப்பும் மஞ்சளும் வேண்டும், அதை மெல்லிசாகப் பல தடவை பூச வேண்டும், பெட்டிக்கு மேலே எரியும் விளக்கின் கீழ் வைத்துப் பார்த்துத் திருத்த வேண்டும். நீங்கள் செய்யக்கூடியது, நல்ல படமாகக் கொண்டு வருவது. கல்யாணப் படம் வேண்டாம், ஸ்டூடியோ படமும் வேண்டாம். போன வருடம் பேரப்பிள்ளையின் பிறந்தநாளில் எடுத்ததுபோல் ஒன்று போதும். பொட்டு எந்த இடத்தில், எவ்வளவு பெரிது, தலை எந்தப் பக்கம் வகிடு, இதையெல்லாம் சொல்லுங்கள். முப்பது வருடம் மீசை வைத்திருந்தவருக்கு யாரும் சொல்லாததால் மீசை மழிக்கப்பட்டால் பிறகு ஒட்டுவது சுலபமில்லை.

வாய்க்கரிசி, எண்ணெய் அரப்பு எல்லாம் செய்யலாமா?

தாராளமாக. எண்ணெயும் அரப்பும் வைத்துக் குளிப்பாட்ட வேண்டுமென்றால் நான் முகம் பூசுவதற்கு முன் வாருங்கள், பூசி முடித்த முகத்தில் எண்ணெய் பட்டால் எல்லாம் கரைந்துவிடும். வாய் தைத்திருப்பதால் வாய்க்கரிசியை உதட்டின்மேல் தூவினால் போதும், விரலால் உள்ளே தள்ள வேண்டாம். ஐயரிடமும் இதை முன்பே சொல்லி வைப்பேன். சட்டையின் முதுகை வெட்டித்தான் போடுவோம், சேலையை வெட்டத் தேவையில்லை, கொசுவத்தை முதலே மடித்துப் பின் குத்தி வைத்துக்கொண்டு கட்டிவிடலாம். தாலி, சங்கிலி தகனத்துக்கு முன் கழற்ற வேண்டுமா என்பதை எழுத்தில் தாருங்கள்.

செத்த பிறகு நகமும் முடியும் வளருமா?

வளராது. தோல் காய்ந்து பின்வாங்குவதால் நீண்ட மாதிரித் தெரியும்.

பேஸ்மேக்கர் இருந்தால்?

தகனம் என்றால் எடுத்தே ஆக வேண்டும், சூட்டில் பற்றரி வெடிக்கும். மறக்காமல் சொல்லுங்கள்.

மகள் இந்த வேலைக்குப் படிக்க ஆசைப்படுகிறாள். பயமாக இருக்கிறது.

ரொறன்ரோவில் ஹம்பர் என்ற கல்வி நிலையத்தில் இதற்கென்று டிப்ளோமா இருக்கிறது, வேலையிடப் பயிற்சியும் செய்ய வேண்டும். எம்பாமிங் செய்ய முதலாம் வகுப்பு லைசென்ஸ் வேண்டும், இரண்டாம் வகுப்பில் எம்பாமிங் இல்லை, மற்ற ஏற்பாடுகள் மட்டும். பிணத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கு அது சீக்கிரம் போய்விடும். மாடிப்படி வழியாக உடலை இறக்குவதும், ஜனவரி இரவில் அழைப்பு வந்தால் எழுந்து போவதும்தான் ஆட்களை விரட்டுகிறது. சேருவதற்கு முன் ஏதாவது ஒரு மலர்ச்சாலையில் பகுதிநேரமாக வேலை செய்து பார்க்கச் சொல்லுங்கள்.